முன் இருக்கையில் ஒரு தலையாட்டி

பொலிஸ்காரர் காரின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்; நானோ பின்கதவடியில் போய் நின்றேன். அவர் சிரித்துவிட்டார். பின்கதவுகளை உள்ளேயிருந்து திறக்க முடியாதாம், விருந்தாளிக்கு முன் இருக்கைதானாம். பொலிஸ் வாகனத்தில் விருந்தாளி! ஊரில் சொன்னால் எனக்கு மண்டை பிழைத்துவிட்டது என்பார்கள். தொண்ணூறுகளில், நாங்கள் அகதியாய் வந்து சேர்ந்த ஸ்காபரோவில் எங்கள் சனம் பொலிசைக் கண்டால் வீதியின் மறுபக்கம் போய்விடும். அந்தப் பயத்தைப் போக்கவென்று, விரும்பியவர்கள் ஒரு பகல் ரோந்துக் காரில் கூடப்போய்ப் பார்க்க ஓர் ஏற்பாடு இருந்தது. கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்ற கொழுப்பில் நானும் பெயர் கொடுத்திருந்தேன்.

மத்தியானம் போல டோர்செட் பார்க் பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்புக்குப் போனோம். தன் கார்க் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டதாக ஒரு தமிழ்ப் பெடியன் ஃபோன் பண்ணியிருந்தான். கதவைத் திறந்தவர் அவனுடைய தாய். சீருடையைக் கண்டதும் அவர் பின்வாங்க, அறையிலிருந்து வந்த இரண்டு மகன்மாரும் யாரும் சொல்லாமலே சுவரோரம் வரிசையாக நின்றார்கள். யார் கூப்பிட்டது என்று பொலிஸ்காரர் என்னிடம் கேட்டார். நான் தமிழில் விசாரித்தேன்.

"நான்தான் அண்ணை" என்றான் இளையவன்.

பொலிஸ்காரர் அவனைக் கையால் காட்டி, இவர்தானா என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"ஐயோ!" என்று அலறியபடி அந்தத் தாய் என் காலைப் பிடித்துக்கொண்டார். "அவன் ஒண்டும் செய்யேல்லைத் தம்பி! நீயும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் சுற்றிவளைப்பு நடந்த நாளில் பள்ளிக்கூட மைதானத்தில் ஆமிக்காரர் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஜீப்பின் முன் இருக்கையில், தலையில் சாக்குப் போட்ட ஒருவன் இருந்தான். சாக்கில் கண்களுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் போகவேண்டும்; அவன் தலையாட்டினால் ஆள் முடிந்தது. எனக்கு அவன் அசையவில்லை. எனக்குப் பின்னால் வந்த என் தம்பிக்கு ஆட்டினான். தம்பி பிறகு வரவேயில்லை. அந்தத் தலையாட்டியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"அன்ரி, உடைஞ்ச கண்ணாடியைப் பற்றிக் கேக்கத்தான் வந்தனாங்கள்."

"அங்கையும் உப்பிடித்தான் சொன்னவை. கேட்டிட்டு விடுறம் எண்டு."

"அம்மா, விடுங்கோ, நான்தான் இவையைக் கூப்பிட்டனான்" என்று இளையவன் அவரைத் தூக்கி நிறுத்தினான். அவர் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

லிஃப்டில், தன்னுடைய இடுப்புத் துவக்கைக் கண்டுதான் அந்த அம்மா பயந்தாரா என்று பொலிஸ்காரர் வருத்தத்தோடு கேட்டார். "இல்லை, என்னைக் கண்டு" என்றேன். நான் பெருந்தன்மையாகப் பழியை ஏற்கிறேன் என்று நினைத்து, அந்த நல்ல மனுஷன் என் தோளில் தட்டினார். எனக்கு அழுகை வந்தது.

சில கிழமைகளின் பின் வோபர்னில் ஒரு தமிழ்க் கடையில் அவர்களைக் கண்டேன். தாய் என்னைக் கண்டதும் கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டைக் கீழே போட்டுவிட்டு, தன்னைவிட ஒரு முழம் உயர்ந்த மகனை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவன் கூச்சத்தோடு சிரித்தான். பிறகு, இந்த நாட்டுப் பிள்ளைகள் வணக்கம் சொல்கிற விதமாக, தாயின் தலைக்கு மேலால் எனக்குத் தலையாட்டினான்.

பதிலுக்கு ஆட்ட முடியாமல், கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நான் நின்றேன்.