லொரீத்தா வீட்டில் சத்தமாகப் படித்தார்கள்

அமெரிக்காவின் தெற்கே, கிரீன்வுட்டில் லொரீத்தா மகீயிடம் சடை பின்னிக்கொள்ளாத பெண் குழந்தை அபூர்வம். வேலைக்கு ஈடாக வாயும் ஓடும். அவள் வீட்டு முன்னறையில் சனிக்கிழமையானால் சிரிப்புச் சத்தம் தெருவுக்கே கேட்கும். அப்படிப்பட்டவள் எட்டு வயதுக்குப் பிறகு ஐம்பத்து நான்கு வயதுவரை நாலு பேர் முன்னால் ஒரு வரி படித்ததில்லை.

மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் குடியிருந்த பயம் அது. அவள் தாத்தா பருத்தித் தோட்டத்தில் செய்தித்தாளும் கையுமாக அகப்பட்டு, வெள்ளைக்கார மேற்பார்வையாளரிடம் சவுக்கடி வாங்கியவர். "வெள்ளைக்காரங்க முன்னாடி படிக்கத் தெரியும்னு காட்டிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லியே அவள் அம்மா பிள்ளைகளை வளர்த்தாள். 1970இல் கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் உட்காரவைத்தபோது லொரீத்தாவுக்கு எட்டு வயது. ஆசிரியை அவளை எழுந்து படிக்கச் சொன்னார். ஒரு சொல் பிசகியது. அதையே பத்து முறை சொல்லவைத்து வகுப்பைச் சிரிக்கவிட்டார். அதன்பிறகு அவள் எந்த வகுப்பிலும் எழுந்து படிக்கவில்லை.

2016 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் ஷெரெல் தன் மகள் ஜனாயாவைக் கூட்டிவந்தாள்.

"மூணாங்கிளாஸ் வாசிப்புப் பரீட்சையில தேறலேன்னா மறுபடியும் அதே கிளாஸ்தானாம்க்கா. பேச்சுல புலி. புத்தகத்தைப் பிரிச்சா கல்லு மாதிரி ஆயிடுறா. நானும் இப்படித்தான் இருந்தேன்."

ஜனாயா லொரீத்தாவின் முழங்கால்களுக்கு நடுவே, மெத்தையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். வகிடு எடுத்துக்கொண்டிருந்த லொரீத்தாவின் விரலடியில் அந்தச் சின்னப் பிடரி விறைத்தது. அந்த விறைப்பை அவளுக்கு நன்றாகவே தெரியும்.

ஷெரெல் போனதும் மெல்லக் கேட்டாள்: "பையில புத்தகம் இருக்கா, கண்ணு?"

"இருக்கு. ஆனா எனக்கு வராது, மிஸ் லொரீத்தா."

"எனக்கும்தான் வராது. நாலு மணி நேரம் ஆகும் இந்தத் தலைக்கு. உன் மூஞ்சி சுவத்தைப் பாக்குது, என் கண்ணு உன் முடியில இருக்கு. யார் பாக்கப்போறா? சும்மா படி."

குழந்தை முணுமுணுவென்று தொடங்கியது. நடுவில் ஒரு சொல்லில் நின்றது. "இஸ்... இஸ்லாண்ட்?"

லொரீத்தா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அப்படித்தான் போட்டிருக்கு."

சடை பின்னிக்கொள்ள அப்போதுதான் உள்ளே வந்த டோர்த்தியா சிரித்துவிட்டாள். "ஐலண்ட்டுடி! அந்த எஸ் ஒரு வேலையும் செய்யாம சும்மா உக்காந்திருக்கு, எங்க வீட்டுக்காரர் மாதிரி."

மூவரும் சேர்ந்து சிரித்தார்கள். தப்பாகப் படித்த பிறகு இப்படியும் சிரிக்கலாம் என்று லொரீத்தாவுக்கு அன்றுதான் தெரிந்தது. "அசையாதே, வகிடு கோணுது!" என்று அதட்டினாளே தவிர, அவள் கண்ணும் நனைந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து, சடை பின்னும் நாள் இல்லாவிட்டாலும் ஜனாயா வந்தாள். அவள் ஒரு பக்கம், லொரீத்தா ஒரு பக்கம் என்று படித்தார்கள். லொரீத்தா வீட்டில் தப்புக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை என்று மற்றப் பிள்ளைகளுக்கும் சேதி பரவியது. பின்னிக்கொள்ள வந்தவர்கள் எல்லாம் புத்தகத்தோடு வந்தார்கள். தாய்மார்களும் கூடவே உட்கார்ந்தார்கள். ஷெரெல்கூட ஒருநாள் அரைப் பக்கம் படித்தாள்.

மே மாதம் ஜனாயா தேறினாள். ஷெரெல் சர்க்கரைவள்ளிக்கிழங்கு அப்பம் சுட்டு எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் அறிவிப்பு வாசிக்கிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. யாராவது வாசியுங்களேன் என்று போதகர் கேட்டார். லொரீத்தாவின் கால்கள் தானாக எழுந்தன. பாடகர் குழுப் பயிற்சி, புதன்கிழமை மீன் வறுவல் விருந்து, நோயாளிகளின் பெயர்கள். ஒரு பெயரில் நாக்கு சிக்கியது.

"மெதுவா, அக்கா, மெதுவா!" என்று சபையிலிருந்து குரல்கள் தாங்கிக்கொண்டன. முடித்துவிட்டாள். ஆனால் உட்காரவில்லை.

"ஆண்டவருக்கு நன்றி. அப்புறம் அதோ மூணாவது வரிசையில கால் ஆட்டிக்கிட்டிருக்காளே ஜனாயா, அவளுக்கு நன்றி. அந்தப் பொண்ணு என்கிட்ட தலையைக் கொடுத்தா. எனக்குத் தைரியத்தைக் கொடுத்துட்டுப் போயிட்டா."

ஜனாயா வெட்கத்தில் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஷெரெல் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே அழுதுகொண்டிருந்தாள்.