பூட்டனாரின் குளிர்கால கோட்டு

போன வாரம் நடந்தவை, வரிசையாக:

1. லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் என் மாமா, கல்லாவுக்கு மேலே தொங்கும் பழைய படத்தைச் சட்டத்தோடு டாக்சியில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

2. படத்தில் இருப்பவர் தன் பூட்டனார், நாகூரிலிருந்து முதலில் கப்பலேறி வந்தவர் என்றார். மூக்கைப் பார், என் மூக்கு என்றார்.

3. இல்லை, முதலில் வந்தது அவருடைய தம்பி, அந்தத் தம்பிதான் தன் பூட்டனார் என்பது மாமாவின் பங்காளி, புக்கிட் பாத்தோக் பேட்டையில் குடியிருக்கும் சாச்சாவின் கட்சி. படமே நேற்று அச்சடித்த போலி என்கிறார். முதலில் வந்தவரின் கிளைக்குத்தான் குடும்பச் சங்கத் தலைமை. படம் பழையதுதான் என்று ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடலுக்குள் நான் 'டெக்னிக்கலாக' நிரூபிக்க வேண்டும்.

நான் அச்சகத்தில் தரப் பரிசோதனை செய்பவள். பிஸ்கட் பெட்டியில் சிவப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பது என் பிழைப்பு. பூட்டனாரைப் பரிசோதித்த அனுபவம் இல்லை. ஆனாலும் லென்ஸ் லென்ஸ்தானே?

படம் லித்தோ. கல்லில் மெழுகுக் கட்டியால் வரைந்து அச்செடுத்தது. பழைய காகிதம், பத்தொன்பதாம் நூற்றாண்டு வேலை. முகம், தாடி, கோட்டு எல்லாவற்றிலும் மணல் தூவியதுபோல் புள்ளிகள். தலையில் இருந்த கறுப்புத் தொப்பியில் மட்டும் ஒரு புள்ளி கிடையாது. தூரிகை ஓடிய தடம், பிறகு யாரோ தீட்டியது... பின்பலகையை எடுத்துவிட்டுப் பின்னாலிருந்து விளக்கடித்தேன். தொப்பிக்குள்ளே நடுவகிடு எடுத்து, அலை அலையாக முடி!

கோட்டுக் காலரில் அடர்ந்த மிருக ரோமம். சிங்கப்பூர் வெயிலில். இத்தனை வருடமாக இதைப் பார்த்த ஒருவருக்குமா வியர்க்கவில்லை?

சட்டத்தைக் கழற்றினேன். ஓர அட்டை மறைத்திருந்த இடத்தில் ஒரு ஜெர்மன் வரி. மொழிபெயர்ப்புச் செயலி சொன்னது: குளிர்கால மேலங்கிகள், புதிய மாதிரிகள்.

பூட்டனார் ஒரு தையற்கடை விளம்பரம்.

மாமாவிடம் சொன்னேன். படத்தைச் சட்டத்துக்குள் திரும்ப மாட்டினார். பிறகு, "நீ படத்தோட வயச மட்டும் சொல்லும்மா. ஆளு யாருன்னு எங்களுக்குத் தெரியும் லா" என்றார்.

நான் இரண்டு பக்க அறிக்கை கொடுத்தேன்; விளம்பரச் சங்கதி இரண்டாம் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை மாமா மைக் பிடித்து முதல் வரியை மட்டும் வாசித்தார்: "பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சு, அசல்." கைதட்டல்.

மனசு கேட்கவில்லை. இரண்டாம் பக்கத்தின் நகலைச் சாச்சாவிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை. படத்தின் முன்னால் நின்று தன் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"படம் அசல்தான்மா. நான் சொன்னது தப்பு. ஆனா நல்லா பாரு... இது எங்க மூக்கு. இவரு எங்க பூட்டன்."

இன்றைய நிலவரம்: தலைவர் நாற்காலி காலி. படம் மாமா கடையிலும், அதன் நகல் சாச்சா வீட்டிலும் தொங்குகிறது. இரண்டாம் பக்கத்தை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.