மேஜர் கேட்ட சம்மதம்

மேஜரின் தகப்பன் இங்கிலாந்தில் ஒரு பிரபு. மாளிகை மூத்த மகனுக்குப் போக, இளையவரான இவருக்குப் பட்டாளம் வாய்த்ததாம். ஓய்வு பெற்றபின் மெல்பேர்ணுக்கு வந்து, கிளென் வேவர்லியில் ஒரு பழைய வீட்டில் கல்யாணம் செய்யாமல் தனியாக வாழ்ந்தார். முதியோர் பராமரிப்பு வேலையில் எனக்குக் கிடைத்த முதல் வீடு அவருடையது. திங்கள், புதன், வெள்ளி பின்னேரங்களில் போய்ச் சாப்பாடு சூடாக்கி, மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும்.

முதல் நாள் மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் முழு இராணுவச் சீருடையில் நின்றார். காக்கி மேலங்கி, பித்தளைப் பொத்தான்கள், இடுப்பில் தோல் பட்டி. இரவுச் சாப்பாட்டுக்கு அப்படி உடுத்துவது அவருடைய பல வருடப் பழக்கம் என்பது எனக்குத் தெரியாது. வன்னியில் ஆமிச் சோதனைச் சாவடிகளைக் கடந்து வளர்ந்த என் கைகள் என்னைக் கேட்கவில்லை. வேலை அடையாள அட்டையை எடுத்து நீட்டின. கைப்பையைத் திறந்து காட்டின. உள்ளே ஒரு குடையும் சாப்பாட்டுப் பெட்டியும் இருந்தன. அவர் எதையும் காட்டச் சொல்லியிருக்கவில்லை.

அவர் அட்டையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். “ஒரு நிமிடம், மேடம்” என்று உள்ளே போனார். திரும்பி வரும்போது கோடு போட்ட இரவு அங்கி, கழுத்தில் மட்டும் டை.

அதன்பின் மூன்று வருடமும் நான் போகிற நாட்களில் அந்த அங்கிதான். பழக்கத்தை விட்டுவிட்டார் என்று நினைத்திருந்தேன். மற்ற நாட்களில் வருகிற பிலிப்பைன்ஸ் பெண், அவருடைய சீருடையை அயன் பண்ணியே தன் கை போய்விட்டது என்று ஒருமுறை அலுத்துக்கொண்டபோதுதான் விஷயம் விளங்கியது. நான் அவரிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தகர டின்னில் வருகிற பீன்ஸை வெள்ளி முள்ளுக்கரண்டியால் சாப்பிடுவார். கோழிகளுக்கு இராணுவப் பதவி கொடுத்திருந்தார். ஒழுங்காக முட்டையிட்டால் பதவி உயர்வு. ஒரு நாள் தானாகவே சொன்னார்: “ஒருத்தியிடம் கல்யாணத்துக்குக் கேட்க நினைத்தேன், மேடம். வசனத்தைத் தயார் செய்து முடிக்கிறதுக்குள் அவளுக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிட்டது.” நானும் கூச்சக்காரி. அதனால் சிரிப்போடு கொஞ்சம் நெஞ்சும் நொந்தது.

போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் இறந்தார். இரண்டாம் நாள் அவருடைய வழக்கறிஞர் எனக்குப் போன் எடுத்தார். வீட்டை முன்னாள் படைவீரர்களுக்கும் கோழிகளை எனக்கும் மேஜர் எழுதி விட்டிருந்தார். பிறகு வழக்கறிஞர் மேஜரின் கடிதம் ஒன்றை வாசித்தார்: “சீருடையோடு அடக்கம் செய்யப்பட விரும்புகிறேன். ஆனால் திங்கள், புதன், வெள்ளி வருகிற பெண்மணி என்னைப் பார்க்க வருவதானால், முதலில் அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் இரவு அங்கி போதும்.”

பின்னேரத்துக்குள் பதில் வேண்டுமாம். குசினிக் கதிரையில் இருந்தபடி கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“என்னப்பா, செத்த ஆமிக்காரனும் அடையாள அட்டை கேப்பானோ?” என்றார் என் கணவர்.

“பகிடி விடாதேங்கோ.”

“இல்ல, நீர் போகாட்டி அந்தாள் யூனிபோர்மோட போகும். நீர் போனா, அந்த நைட் உடுப்போட. அப்பிடித்தானே?”

“நான் ஓமெண்டு சொன்னா யூனிபோர்மோடதான்.”

“அப்ப சொல்லுமன். பாவமப்பா, அந்தாள்.”

என் வாழ்க்கையில் சீருடை போட்ட எத்தனையோ பேர் என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். என் விருப்பத்தை ஒருவரும் கேட்டதில்லை. வழக்கறிஞருக்குப் போன் எடுத்து, சீருடையே போடுங்கள், நானும் வருவேன் என்றேன். பிறகு நானே எதிர்பாராமல், பொத்தான்களை நான் பூட்டலாமா என்றும் கேட்டேன். என் ஆங்கிலம் அவருக்கு விளங்க மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.

சவச்சாலையில் மேலங்கியை மாட்டி, முன்பக்கத்தைத் திறந்தபடி விட்டிருந்தார்கள். மெலிந்துபோயிருந்தார். துணி தொளதொளத்தது. பித்தளை குளிர்ந்திருந்தது. இரண்டாவது பொத்தானோடு பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. நாலாவதையும் பயந்துகொண்டேதான் பூட்டினேன்.

“தாங்க்யூ, சேர்” என்றேன். அவருக்கு விளங்க வேண்டுமே.