அடுப்போரம் வைத்த தண்ணீர் வாளி

1. முதல் நாள்

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் சேர்ந்த அன்று போர்மேன் முதலில் வேலையைக் காட்டவில்லை. கதவோரம் இருந்த இரண்டு சிவப்பு வாளிகளைக் காட்டினார். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்.

"தீயைப் பாத்தா யோசிக்கக் கூடாது. எது கிட்ட இருக்கோ அதைத் தூக்கி ஊத்திட்டு ஓடணும். யோசிச்சவ எவளும் வீடு போய்ச் சேரல" என்றார்.

பதினோரு வருஷம் அங்கே இருந்தேன். இந்தப் பாடத்தை இரண்டாம் தடவை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பட்டாசுக்குள் போடும் ரசாயனத்தை நாங்கள் மருந்து என்போம். என் கொழுந்தன் மருந்து ரூமில் இருந்தான். ஒரு நாள் அந்த ரூமே இல்லாமல் போனது. அவனும் போனான். காரியம் முடிந்த மறுவாரம் அவன் பெண்டாட்டி முத்து அதே கம்பெனிக்கு அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றப் போனாள். வேறு வேலை இங்கே இல்லை.

2. இறுக்கிய கை

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருஷம் கழித்து எனக்கு இளைப்பு வந்தது. கம்பெனி வேலையிலிருந்து நின்றுகொண்டேன். வீட்டில் முறுக்கு, தட்டை, சீடை போட்டு சிவகாசி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பலகாரக் கடைக்குக் கொடுத்தேன். நல்லபடியாகப் போனது. முத்துவைக் கூப்பிட்டேன்.

"அங்கன வேகறதுக்குப் பதிலா இங்கன வேகச் சொல்லுதீகளாக்கா?"

"விளையாடாதே. உன் மகளுக்கு இனி நீ ஒருத்திதான்."

மறுநாள் காலையில் கம்பெனி வேன் வந்தபோது அவள் ஏறவில்லை. என் வீட்டுக்கு வந்தாள். நான் என் வாழ்க்கையில் செய்த ஒரு நல்ல காரியம் அது என்று நினைத்திருந்தேன்.

முறுக்கு பிழிவது அவளுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. சீடைதான் வரவில்லை. சீடையை இறுக்கி உருட்டக் கூடாது. அரிசி மாவை வறுத்து, இரண்டு தடவை சலித்து, லேசாக உருட்டி, துணியில் பரப்பி ஈரம் இழுக்க விட வேண்டும். இல்லையென்றால் எண்ணெயில் போட்டதும் மேலே ஓடாகிவிடும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் வெடிக்கும். முத்துவின் கை சணல் சுற்றிய கை. இறுக்கித்தான் உருட்டும்.

"ஏ முத்து, இது அணுகுண்டு இல்லடீ."

"வெடிச்சா நல்ல சரக்குன்னு அர்த்தம்க்கா. நம்ம கம்பெனி வெடியிலேயே பாதி புஸ்ஸுன்னுதான் போகுது."

சிரிப்போம். அவள் உருட்டியதை எல்லாம் நான் குண்டூசியால் ஒரு குத்து குத்தி வைப்பேன்.

அந்த அடுப்போரம் முதல் நாளிலிருந்தே ஒரு வாளி தண்ணீர் வைத்திருந்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை, பழக்கம். மண் வாளி வைக்கவில்லை. பலகாரத்தில் மண் விழுந்தால் பல்லில் நறநறக்கும்.

3. கிருஷ்ண ஜெயந்தி

சீடைக்கு அதுதான் சீசன். பெரிய ஆர்டர். சாயங்காலம் தருவதாகச் சொல்லியிருந்தேன். கடைக்கார அண்ணாச்சி காலை பத்து மணிக்கே மொபெட்டில் வந்து நின்றார்.

"மத்தியானமே வேணும்மா. கடையில சனம் நிக்கி."

"ஈரம் இழுக்கல அண்ணாச்சி."

"இம்புட்டு வருசமா போடுதீக, உங்க கைக்கு ஈரம் ஒரு கணக்கா? முடியாதுன்னா சொல்லுங்க. விஸ்வநத்தத்துல ஆள் இருக்கு."

அந்தக் கடை போனால் எங்களுக்கு வேறு கடை இல்லை. முத்து திரும்ப வேன் ஏற வேண்டியதுதான். சரி என்றேன். குண்டூசி எடுக்கவில்லை. நேரம் இல்லை.

மூன்றாவது ஈட்டில் வெடித்தது. ஒன்று, பிறகு வரிசையாகச் சரம் போல. எண்ணெய் சிதறி விறகில் விழுந்தது. தீ ஏறி சட்டியைப் பிடித்தது. சட்டியை மூடியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். தாம்பாளம் என் காலடியில்தான் கிடந்தது.

முத்து யோசிக்கவில்லை. வாளியைத் தூக்கி ஊற்றினாள்.

கூரை வரை போனது தீ. முத்துவுக்கு வலது கை, கழுத்து, காது. எனக்குப் புருவம் மட்டும்.

4. பிறகு

மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் நாற்பது நாள். நான் கூடவே இருந்தேன். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்து, "கம்பெனிக்குப் போறேன்க்கா" என்றாள்.

"இங்கன இரு. நீ அடுப்புப் பக்கமே வர வேண்டாம். மாவு சலி, போதும்."

"எண்ணெய் காயுற சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குது. மருந்துக்கு எனக்குப் பயமில்ல."

போர்மேன் அவள் கையைப் பார்த்து, "விரல் மடங்குதா?" என்று மட்டும் கேட்டாராம். மடங்கியது. சேர்த்துக்கொண்டார்.

வீட்டில் பலகாரம் போட நினைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே. சட்டியை மூடு, விறகை இழு. மூடியை அடுப்பு பற்றவைக்கும் முன்னாலேயே கையெட்டும் இடத்தில் வை. ஈரம் இழுக்காத சீடையை எவன் வாசலில் நின்று கேட்டாலும் போடாதே.

நான் இப்போதும் முறுக்கு போடுகிறேன். சீடை போடுவதில்லை. கம்பெனி வேன் காலை ஏழு மணிக்கு என் வாசல் வழியாகப் போகும். முத்து இந்தப் பக்க ஜன்னலில்தான் உட்கார்ந்திருப்பாள். அது தாண்டிப் போகிற வரை நான் அடுப்பு பற்றவைப்பதில்லை.