பச்சை பிடித்த முளைப்பாரி

கல்யாணமாகிச் சில வருடங்கள் கடந்தும் எனக்குப் பிள்ளையில்லை. திண்டுக்கல்லில் எங்கள் தெரு அம்மனுக்கு என் பேரில் முளைப்பாரி போட்டார் மாமியார். அது சரியாக வராவிட்டால் மகனுக்கு ரெட்டியார்சத்திரத்தில் வேறு பெண் பார்க்கப்போவதாக, என் காதில் விழும்படியே பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்.

தெருவின் முளைப்பாரி எல்லாம் எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தது. ஜன்னலுக்குச் சாக்கு கட்டியிருந்தோம். வெளிச்சம் படாமல் பயிர் மஞ்சளாக வளரவேண்டும். பச்சை பிடித்தால் அம்மனுக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். தண்ணீர் தெளிக்க மாமியார் மட்டும் போவார். ஆண்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது.

ஒரு சாயங்காலம் பெண்கள் தெருவில் கும்மியடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்க உள்ளே வந்த நான், பின்னறைக் கதவிடுக்கில் சிவப்பாக வெளிச்சம் தெரிவதைப் பார்த்தேன். மறுநாளும் தெரிந்தது. யாரோ செய்வினை வைக்கிறார்கள் என்று நினைத்தேன். கும்மிக் கூட்டத்தில் மாமியாரைத் தேடினேன், காணோம். பிறகு கேட்டபோது, கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனேன் என்றார். நம்பவில்லை. அவர் கொடுத்த காபியைக்கூட மோந்து பார்த்துத்தான் குடித்தேன்.

முளைப்பாரியைக் குளத்தில் கரைக்கிற நாளில் அறையைத் திறந்தார்கள். எல்லாப் பயிரும் மஞ்சளாக இருக்க, மூலையிலிருந்த என்னுடையது மட்டும் பச்சைப்பசேல் என்றிருந்தது.

"தீட்டோட தொட்டியாடி?" என்றார் மாமியார். நான் அழுதுகொண்டே எங்கள் அறைக்குப் போனேன்.

கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கும் என் கணவர் அங்கே, வெளிச்சம் பட்டால் கறுத்துப்போகும் ஒரு போட்டோ பிளேட்டோடு சிரித்த முகமாக நின்றார். "முளைக்கிற விதை கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் விடுதாம். வெளிநாட்டுல கண்டுபிடிச்சிருக்காங்க. உன் முளைப்பாரிகிட்ட தினம் பிளேட் வச்சேன். பாரு, எப்படிக் கறுத்திருக்கு!"

"இருட்டுல எப்படி வச்சீங்க?"

"போட்டோ கழுவுற இடத்துல எரியுற செவப்பு பல்பை உன் முளைப்பாரிக்கு மேலயே மாட்டிக்கிட்டேன். அந்த வெளிச்சம் பிளேட்டை ஒண்ணும் செய்யாது."

பயிரை என்ன செய்யும் என்று அந்தப் படித்த மனிதர் யோசிக்கவில்லை. பிளேட்டைக் கறுக்க வைத்தது விதையா, பல்பா என்பதே எனக்குச் சந்தேகம். ஆத்திரம் தாங்காமல் மேஜைமேல் கிடந்த அந்தப் பல்பை ஒரு கையிலும் அவரை மறு கையிலும் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாமியார் முன்னால் நிறுத்தினேன்.

"சொல்லுங்க."

"நீயா அப்பு உள்ள போன?" என்றார் மாமியார்.

என் கணவர் தாயின் முகத்தைப் பார்த்தார். "நான் போகவே இல்லத்தா."

பச்சைப் பயிரைத் தலையில் வைத்துக்கொண்டு, தெருவே பார்க்கக் குளத்துக்கு நடந்தேன்.

பிறகு எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். ரெட்டியார்சத்திரத்துப் பேச்சும் நின்றது. அம்மன் மன்னித்துவிட்டாள் என்றார் மாமியார். இன்றும் என் கணவர் மழை வருகிறது என்று சொன்னால், வெளியே எட்டிப் பார்த்த பிறகுதான் கொடித்துணியை எடுக்கிறேன்.