மூடிய பானெட்

லையல் ட்ரெகென்சாவின் வாயைப் பற்றிச் சொல்லாமல் அவனைப் பற்றிப் பேச முடியாது. சிம்ப்சன் பாலைவனத்தின் ஓரம், கால்டர் போர் என்ற சிற்றூரில், பெட்ரோல் பங்கை ஒட்டி நான் சாப்பாட்டுக்கடை நடத்துகிறேன். சாலைக்கு எதிர்ப்பக்கம் அவன் கொட்டகை. மணல் தடத்தில் மாட்டிக்கொண்ட வண்டிகளை இழுத்து வருவது அவன் தொழில். இழுத்து வரப்பட்டவர்களில் பாதிப் பேர் என் கடையில் உட்கார்ந்து, மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் தின்றுகொண்டே, கூலி கொடுத்ததுகூடப் பரவாயில்லை, அந்த ஆள் வழிநெடுகப் பேசிய பேச்சைத்தான் தாங்க முடியவில்லை என்று புலம்பியிருக்கிறார்கள்.

கொட்டகைக்கு முன்னால் ஒரு கம்பி வேலி. இழுத்து வந்த ஒவ்வொரு வண்டியிலிருந்தும் உடைந்த சாமான் ஒன்றைக் கழற்றி, ஒரு தகரத்தில் ஆளின் பெயரையும் கூடவே ஒரு கேலியையும் பெயிண்டால் எழுதி அதில் தொங்கவிடுவான். ‘சிட்னி டாக்டர். டயர்ல காத்தைக் குறைக்கச் சொன்னா கௌரவக் குறைச்சலாம்.’ ‘மெல்போர்ன் வக்கீல். கார் வாங்கத் தெரிஞ்சுது, ஓட்டத் தெரியல.’ ஊரே நின்று படித்துச் சிரிக்கும். பெயருக்குரியவன்கூட அசட்டுச் சிரிப்போடு அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வான்.

மகன் டார்சிக்கு மட்டும் அந்த வேலி பிடிக்காது. முப்பது வயது, அப்பாவோடு அதே வேலை, குரல் உயர்த்தத் தெரியாத பிள்ளை.

“ஒரு நாள் நம்ம சாமானும் இதுல தொங்கப் போகுதுப்பா.”

“என் பொணம் வேணா தொங்கும்டா. சாமான் தொங்காது” என்பான் லையல்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தடத்தோரம் நிற்கும் வண்டியின் பானெட் தூக்கியிருந்தால், அது ஜென்ம விரோதியின் வண்டியாக இருந்தாலும் நிறுத்தி இறங்க வேண்டும். மூடியிருந்தால் ஆள் டீ போட்டுக் குடிக்கிறான் என்று அர்த்தம். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடலாம். அவனும் ஒரு விரல் தூக்குவான். அவ்வளவுதான் மரியாதை.

நவம்பரில், வெயில் ஏறிக்கொண்டிருந்த வாரத்தில், யாரோ பாலைவனத்துக்கு உள்ளே விட்டுவிட்டு வந்த கூடார டிரெய்லரை மீட்டு வர டார்சி தனியாகப் போனான். மறுநாள் சாயங்காலம் சாட்டிலைட் போனில் அப்பாவைக் கூப்பிட்டான். பின் அச்சு முறிந்துவிட்டது, வண்டி மணலில் உட்கார்ந்துவிட்டது, தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, அவசரமில்லை, மெதுவாக வா என்றான். இதை லையல் எங்களில் ஒருவரிடமும் சொல்லவில்லை. விடிந்ததும் லாரியை எடுத்தான். எங்கே என்று கேட்டேன்.

“சும்மாதான். ஒரு சுத்து போயிட்டு வரேன்” என்றான்.

ட்ரெகென்சா வீட்டு வண்டியே மாட்டிக்கொண்டது என்று ஊர் சிரித்துவிடுமாம். எங்களுக்கென்ன, சிரித்திருப்போம். சிரித்துவிட்டு ஆளுக்கொரு வண்டியில் கிளம்பியும் இருப்போம். அது ஏன் அந்த மடையனுக்குத் தெரியவில்லை?

தடம் இரண்டாகப் பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால் அவன் லாரியின் தண்ணீர் பம்ப் போய்விட்டது. ரேடியேட்டர் கொதித்து நின்றது. ரேடியோவில் கூப்பிட்டிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். அவன் கூப்பிடவில்லை. பெட்டியில் பழைய பம்ப் ஒன்று கிடந்தது, அரை மணியில் மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டு, பானெட்டைத் தூக்கி வேலையை ஆரம்பித்தான். துருப்பிடித்த போல்ட் ஒன்று உடைந்து உள்ளேயே மாட்டிக்கொண்டது.

அப்போதுதான் ரேடியோவில் குரல் கேட்டது. “மூணு வண்டி, கிழக்க போறோம், மேடு ஏறுறோம்.” மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாது, அதனால் ஏறும்போது எல்லோரும் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் ஏறுவார்கள். அன்று காலை என் கடையில் முட்டையும் ரொட்டியும் தின்றுவிட்டுக் கிளம்பிய அடிலெய்டு கூட்டம் அது. மேடு மேடாக அவர்கள் குரல் நெருங்கி வருவதை லையல் கேட்டான். கையைத் துடைத்தான். சாமான்களை லாரிக்கு அடியில் தள்ளினான். பானெட்டை மூடினான். அடுப்பைப் பற்றவைத்து, கெட்டிலை ஏற்றி, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

முன் வண்டியை ஓட்டிய ஜெனிஸ் என்ற பெண் கண்ணாடியை இறக்கி, எல்லாம் சரிதானே பெரியவரே என்று கேட்டாள்.

“டீ குடிக்கிறேம்மா. நீங்க போங்க” என்றான்.

விரலைத் தூக்கினான். அவர்களும் தூக்கினார்கள். பிரிவில் இடதுபக்கத் தடத்தில் திரும்பிப் போனார்கள். டார்சி இருந்தது வலதுபக்கத் தடத்தில், அங்கிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது.

டார்சியின் தண்ணீர்த் தொட்டி காலி. வழியெல்லாம் வரிவரியான மேடுபள்ளத்தில் குலுங்கி அடியில் குழாய் கழன்று, வந்த தடம் முழுக்க ஒழுகியிருந்தது. போன் பண்ணிய பிறகுதான் அவன் குழாயைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். மறுபடி கூப்பிட முடியவில்லை, போன் அந்தச் சூட்டில் உயிரை விட்டிருந்தது, வண்டி ரேடியோ அவ்வளவு தூரம் எட்டாது. வண்டியை விட்டு நகரக் கூடாது என்று அப்பா சின்ன வயதிலிருந்து சொன்னதை அவன் மீறவில்லை. அப்பா வந்துகொண்டிருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும்.

பம்பை மாட்டி முடிக்க இருட்டிவிட்டது. இருட்டில் மேடு ஏறுவது ஆபத்து, டார்சியிடம்தான் தண்ணீர் இருக்கிறதே என்று லையல் அங்கேயே படுத்துக்கொண்டான். விடிகாலை போய்ச் சேர்ந்தபோது டார்சி வண்டிக்கு அடியில், பகலில் நிழல் விழும் பக்கம் ஒருக்களித்துக் கிடந்தான். உடம்பு குளிர்ந்திருக்கவில்லை.

இதையெல்லாம் லையலே சொன்னான், என் கடை மேஜையில், போலீஸ்காரரிடம், ஊரே நிற்கும்போது. பானெட்டை மூடியதை இரண்டு தடவை சொன்னான். போலீஸ்காரர் சரியாகக் கேட்டுக்கொண்டாரா என்று அவனுக்குச் சந்தேகம். பிறகு ஜெனிஸ் திரும்பி வந்தபோது விஷயம் தெரிந்து என் கல்லாவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “வண்டி நிறைய தண்ணி இருந்துச்சு, வில்மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றாள்.   எனக்கு லையலைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

அவன் மனைவி ஐலீன் அடக்கம் முடிந்ததும் போர்ட் அகஸ்டாவில் தங்கை வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

அந்த வாரமே லையல் லாரியின் பானெட்டைக் கழற்றி வேலியில் தொங்கவிட்டான். தகரத்தில் தன் பெயர் மட்டும். கேலி எதுவும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது! இப்போது யாரும் அங்கே நின்று படிப்பதில்லை. இழுவை வேலையையும் விட்டுவிட்டான், ஆனால் பானெட் இல்லாத அந்த லாரியை எடுத்துக்கொண்டு அடிக்கடி உள்ளே போகிறான். தடத்தோரம் அது நின்றால் நிறுத்துவதா, விரலைத் தூக்குவதா என்று தெரியாமல் எல்லோரும் முழிக்கிறார்கள்.

போன மாதம் பண்ணை ஒன்றுக்கு ரொட்டியும் மாவும் கொண்டு போனபோது, தடம் பிரியும் இடத்தில் அந்த லாரி நின்றது. இத்தனை நாளாக மனசுக்குள் சேர்த்துவைத்திருந்த வசவையெல்லாம் இன்று கொட்டிவிடுவது என்று இறங்கினேன். அவன் நாற்காலியில் இல்லை. நடுத்தடத்தில் நின்றுகொண்டிருந்தான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. லாரிக்குக் கோளாறு ஒன்றும் இல்லை, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

“வில்மா, என் பையன் உள்ள மாட்டிக்கிட்டான். என் வண்டி நின்னு போச்சு. நீ அந்தப் பக்கம் போறியா?”

அவன் புத்தி பேதலித்துப் பேசவில்லை. அன்று ஜெனிஸிடம் கேட்டிருக்க வேண்டியதை என் முகத்தைப் பார்த்துத் தெளிவாகக் கேட்டான். கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றான். 

“போறேன், லையல்” என்றேன்.

என் வண்டிக்குத் திரும்பி நடந்தேன். பின்சீட்டில் தண்ணீர் கேன் நிறைந்திருந்தது. பண்ணை இடதுபக்கம். நான் வலதுபக்கம் திருப்பினேன்.