பின் ரயர்கள் நான்கு

அத்தான் என் லொறியைத் திருப்பிக் கொண்டுவந்த அன்று நான் குனிந்து சக்கரத்து ரயரைப் பார்க்கவில்லை. மயிலிட்டித் துறையிலிருந்து அச்சுவேலிச் சந்தைக்கு மீன் ஏற்றும் லொறி அது. தினமும் ரயரின் வெட்டுக்குள் விரலை விட்டு ஆழம் பார்க்கிறவன் நான். ஆனால் அக்காவின் புருஷன், தன் லொறி பழுதென்று இரவல் வாங்கிய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும்போது அவர் முன்னால் விரலை விட்டுப் பார்த்தால், அவரைக் கள்ளன் என்று சொன்னதற்குச் சமம். போதாததற்குக் கழுவி, ரயருக்குக் கறுப்புப் பூசி, கண்ணாடியில் சந்தனப் பொட்டும் வைத்துத் தந்திருந்தார். மனுசனுக்கு எவ்வளவு பொறுப்பு என்று வீட்டில் புகழ்ந்தேன், மடையன்.

அடுத்த நாள் காலை அடைமழை. அத்தானிடம் போய்வந்த வண்டிதானே என்று அப்படியே எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட மகளையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டேன். ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன். முன்பக்கம் பிடித்தது, பின்பக்கம் பிடிக்கவில்லை. லொறி அப்படியே வழுக்கித் திரும்பி மதிலில் மோதியது. பிள்ளையின் நெற்றி பிளந்து ஆறு தையல் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்துதான் ரயரைப் பார்த்தேன். பின் ரயர் நான்கும் மொட்டை. பார்வைக்குத் தேயாத ரயர் போலத் தெரிய, சூட்டுக் கத்தியால் புதிதாக வெட்டுப் போட்டிருந்தார்கள். என்னுடைய ரயர்கள் அல்ல அவை.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் அத்தானுடைய லொறி நின்றது. அதன் பின் ரயர்களைத் தடவிப் பார்த்தேன். போன மாதம் மாடு குறுக்கே வந்து நான் பிரேக்கை இறுக்கியதில் தேய்ந்த இடம், உள்ளங்கையளவு, ஒன்றில் இருந்தது.

அத்தான் மறுக்கவில்லை.

“நான் மரக்கறி ஏத்த மலைநாட்டுக்குப் போறனான், தம்பி. உனக்குத் தட்டை றோட்டுத்தானே. மழையெண்டால் நீ மெல்லத்தான் ஓடுவாய் எண்டு நினைச்சன்.”

அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். என் நிதானத்தை இத்தனை வருடம் பக்கத்தில் இருந்து பார்த்து, அதை நம்பியே என் பிள்ளையை மொட்டை ரயரில் ஏற்றியிருக்கிறார். இந்த ஆளோடு இனிக் கதை இல்லை, அக்காவிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று திரும்பினேன். அவள் குசினி வாசலிலேயே நின்றாள். பிள்ளையின் தையலைச் சொன்னேன். அழுதாள்.

“அதுதானேடா, மழைக்கை மெல்ல ஓடு எண்டு முதல்நாளே உனக்குப் போனிலை சொன்னனான்” என்றாள்.

சொன்னது உண்மைதான். பாசம் என்று நினைத்திருந்தேன்.